இரவல் சாட்சி

கிணற்றடி, பொழுதுபடுகிற மம்மல் நேரம், இடி, பனைமரம், முழங்கால், அழுகை, பிறகு சமாதானம். கிணற்றடி, மம்மல், இடி. பெண்கள் பக்கத்துப் பாயில் காலை மடக்கி இருந்துகொண்டு தெய்வானை இதையே வாய்பாடு மாதிரி உருட்டிக்கொண்டிருந்தாள். இடிக்கு முதல் பனைமரமா, பனைமரத்துக்கு முதல் இடியா? விசரி, இடி விழாமல் மரம் என்னெண்டு எரியும். நல்லாய்ச் சொல்ல வேண்டும், ஆனால் பாடமாக்கிச் சொல்வது போல இருக்கக் கூடாது. கூடப் படித்த சிவகாமி அப்படித்தான் சொல்லித் தந்தாள்: முழங்காலில் விழுகிற இடத்தில் ஒருக்கால் நிப்பாட்டு, மூக்கை உறிஞ்சு, உடனே தொடங்காதே. இலுப்பையடி வேதக்கோயிலில் இன்றைக்குச் சபை கூடுகிற வெள்ளி. ஞாயிற்றுக்கிழமை இராப்போசன அப்பமும் திராட்ச ரசமும் கொடுப்பார்கள். அதற்கு முந்தின வெள்ளி பின்னேரம், சபையில் சேர விரும்புகிறவர் எல்லாருக்கும் முன்னால் எழும்பி, கடவுள் தன் நெஞ்சை எங்கே எப்படித் தொட்டார் என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டும். அமெரிக்கப் பாதிரிமார் தங்கள் நாட்டிலிருந்து கொண்டுவந்த வழக்கம் அது. வேத வினாவிடை முழுக்கப் பாடமாயிருந்தாலும் போதாது, ஒழுங்காய் நடந்தாலும் போதாது, நெஞ்சுக்குள்ளே ஏதாவது நடந்திருக்க வேண்டும். நடந்தது என்று நம்பிச் சபையார் கையை உயர்த்தினால் ஞாயிறு அவள் தலையில் ஞானஸ்நானத் தண்ணீர், அவள் பிள்ளையின் தலையிலும் தண்ணீர். நம்பாவிட்டால் இரண்டு பேருக்கும் இல்லை. தெய்வானையின் நெஞ்சிலோ இத்தனை வருஷத்தில் ஒரு மண்ணும் நடக்கவில்லை. அதனால்தான் இந்தக் கிணற்றடிக் கதையைச் சிவகாமியிடம் இரவல் வாங்கிக்கொண்டு வந்து இருக்கிறாள்.

வெளியே பிள்ளை இருமியது. பறங்கி காலத்துக் கல்லுச் சுவர், ஒரு முழம் கனம், அதைத் தாண்டி அந்தச் சின்ன இருமல் எப்படித்தான் வந்து இவள் காதில் மட்டும் விழுகிறதோ. வேப்பமரத்துக்குக் கீழே புருஷன் கதிரித்தம்பி பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நிற்பான். உள்ளே வர அவனுக்கு அனுமதியில்லை. சபையில் இருந்தவன்தான், பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவன்தான், தகப்பன் செத்த அன்று மூத்த பிள்ளை என்று கொள்ளி வைத்தான், நெற்றியில் திருநீறு பூசினான், அதை யாரோ வந்து பாதிரியாரிடம் ஊத, பேரை வெட்டிவிட்டார்கள். எழும்பி நின்று செய்தது பிழை என்று ஒரு சொல் சொன்னால் திரும்பச் சேர்ப்பார்களாம். எத்தனை தரம் கெஞ்சிவிட்டாள். இஞ்சேருங்கோ, பிள்ளைக்காகவெண்டாலும் சொல்லுங்கோவன். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே, அப்புவை எரிச்சது பிழையெண்டு நான் எந்த வாயாலை சொல்லுறது, என்று கேட்டான், அதோடு அந்தக் கதை முடிந்தது. அவனில் பிழை சொல்லவும் மனம் வரவில்லை, கோபம் வராமலும் இல்லை. உங்கடை அப்பு சாம்பலாய்ப் போய்ச் சுகமாய்ச் சேர்ந்திட்டார், என்ரை பிள்ளை எங்கை கிடக்குது? மூத்தது. பேர் வெட்டின மாதம் பிறந்தது, தலையில் தண்ணீர் விழாமலே காய்ச்சலில் போனது. பாதிரியார் அந்தக் கிழமை வேறு ஊருக்குப் போயிருந்தார். உபதேசியார் ஞானமுத்தர் கையைப் பிசைந்துகொண்டு, ஞானஸ்நானம் இல்லாத பிள்ளையை மிஷன் வளவுக்குள்ளை அடக்கம்பண்ண எனக்கு அதிகாரமில்லை தங்கச்சி என்றார். மாமி வீட்டார், நீங்கள் வேதக்காரர், உங்கடை இடத்திலை வையுங்கோ என்றார்கள். கடைசியில் மிஷன் வேலிக்கு வெளியே, வடலிப் பனைக் கரையில், கதிரித்தம்பியே மண்வெட்டி பிடித்துக் குழி கிண்டினான். அந்த மாரி மழையில் மண் இறங்கி, எது பள்ளம் எது மேடு என்று தெரியாமல் போய், இப்போது அதிலே ஆடு மேய்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவள் ஆட்டைக் கல்லால் எறிவாள். யாருடைய ஆடு என்றும் பார்ப்பதில்லை. இந்தப் பிள்ளைக்கு அப்படி வரவிடமாட்டேன். வெறும் இருமல்தான், எல்லாப் பிள்ளையும் இருமும், துளசிச் சாறு கொடுத்தால் போய்விடும். மூத்ததுக்கும் முதலில் இருமல்தான்.

பொய் சொல்வதில் பயமில்லையா என்று கேட்டால், இருக்கிறதுதான், ஆனால் அதுவும் தலையில்தான் இருந்தது. அவளுக்கு எல்லாமே தலையோடு நின்றுபோகிற சாதி. பாதிரியாரின் பெண்சாதியை எல்லாரும் பாதிரியார் அம்மா என்பார்கள், அவருடைய பள்ளிக்கூடத்தில் எட்டு வயதில் கொண்டுவந்து விட்டார்கள். அமெரிக்காவில் கனெக்டிகட் என்ற இடத்தில் இருக்கிற யாரோ ஒரு கிழவி அவள் சோற்றுக்குக் காசு அனுப்பினாளாம், அதனால் கிழவியின் பேரை இவளுக்குப் போட்டு டெபோராள் என்று கூப்பிட்டார்கள். பூமி உருண்டை, சரி. கிரகணம் பாம்பு விழுங்குவதில்லை, நிழல், சரி. பெல்டன் பாதிரியார் முன்கூட்டியே சொன்ன நேரத்துக்கு வந்து பிடித்ததை முற்றத்தில் நின்று கண்ணாலே பார்த்தாள், சரி. ஆதாம் செய்த பாவம் தன்னிலும் இருக்கிறது, அதுவும் சரி. எதையும் அவள் மறுத்ததில்லை. ஆனால் அந்த வருஷம், எல்லாப் பெட்டைகளும் அழுத வருஷம், இவள் மட்டும் அழவில்லை. ஒரு பின்னேர ஜெபத்தில் தொடங்கியது. ஒருத்தி விம்ம, பக்கத்துப் பெட்டை விம்ம, பிறகு சாப்பாட்டு மணி அடித்தும் ஒருத்தரும் எழும்பவில்லை, மூலைக்கு மூலை முக்காடு போட்டுக்கொண்டு அழுகை. சிவகாமி பனங்கூடலுக்குள் ஓடி விழுந்து கிடந்து, முகமெல்லாம் மண்ணாய்த் திரும்பி வந்தாள். பாதிரியார் அம்மா சந்தோஷத்தில் தானும் அழுதார். தெய்வானை களஞ்சிய அறைக்குள்ளே போய் நெல்மூட்டைக்குப் பின்னால் பாயால் தலையை மூடிக்கொண்டு இருந்து பார்த்தாள். வரும், இப்ப வரும், எல்லாருக்கும் வருகிறதுதானே. நெல் வாசம் வந்தது. எலி ஓடியது. பசி வந்தது. வெட்கமாயிருக்கிறது, அந்த நேரத்தில் அவளுக்கு வந்தது பசிதான்.

அந்த நாட்களில் பெல்டன் பாதிரியார் வகுப்பில் தன் பாட்டனின் கதை சொன்னார். அவருடைய நாட்டில், நூறு வருஷத்துக்குக் கிட்ட முந்தி, மக்களுக்குப் படிப்பும் ஒழுங்கும் இருந்ததாம், நெஞ்சு மட்டும் நித்திரையாம். குதிரையில் ஒரு பிரசங்கி வருகிறார் என்று கேட்டதும் பாட்டன் உழுத கலப்பையை வயலிலேயே விட்டுவிட்டு ஓடினாராம். அங்கே ஆயிரக்கணக்கில் சனம், வண்டியில் ஏறி நின்று அவர் பேச, பாட்டன் அப்படியே நிலத்தில் விழுந்தாராம். அதற்கு முதல் அந்த ஊர்ச் சபையில் ஒரு பாதி வாசல் இருந்தது, நெஞ்சில் ஒன்றும் நடக்காதவர்கள்கூட நல்லபடி நடந்தால் தங்கள் பிள்ளைகளுக்குத் தண்ணீர் வாங்கலாம், அப்பமும் ரசமும் மட்டும் கிடையாது. விழுந்து எழும்பினவர்கள் வந்து, இது என்ன பாதி வாசல், ஒன்றில் உள்ளே வா, இல்லாவிட்டால் வெளியே நில், என்று அதை அடைத்துப்போட்டார்கள். சபை இரண்டாய் உடைந்தது. அண்ணனும் தம்பியும் பேசாமல் விட்டார்கள். பாதிரியார் இதைச் சொல்லும்போது கண் மினுங்கியது. தெய்வானைக்கு அப்போது அது வெறும் கதை. மூத்ததைப் புதைத்த பிறகுதான் அந்த வாசல் ஞாபகத்துக்கு வந்தது, வந்தது போகவே இல்லை. பனி கொட்டுகிற ஏதோ ஒரு ஊரில், முன்பின் தெரியாத உழவர்கள் சண்டை பிடித்து அடைத்த கதவு, கப்பலேறி வந்து இலுப்பையடியில் என் பிள்ளைக்கு முன்னால் நிற்கிறதே. அடைக்காமல் விட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும்? தண்ணீர் வெறும் அடையாளம், அது ஒருவரையும் இரட்சிக்காது என்றும் அதே பாதிரியார்தான் சொல்கிறார். வெறும் அடையாளமென்றால் ஒரு கை அள்ளித் தெளித்தால் என்னவாம். அடையாளம் இல்லாத பிள்ளைக்கு வேலிக்கு உள்ளே இடமில்லையே.

முன்வரிசை மர வாங்கிலிருந்து யாரோ எழும்பினார்கள். தெய்வானைக்கு முந்தின ஆள், வயித்தியலிங்கம், மிஷன் அச்சுக்கூடத்தில் புத்தகம் கட்டுகிறவன், சிவகாமியின் புருஷன். சிவகாமியைக் கலியாணம் முடித்து இரண்டு வருஷம், இன்றைக்குத்தான் சபையில் சேர வருகிறான். அவன் முடிய நான். அவன் தொண்டையைச் செருமினான். கெதியாய் முடித்துவிடக் கூடாது, ஆறுதலாய்ச் சொல்லட்டும். "ஐயாமாரே, சகோதரரே," என்று தொடங்கினான், "ஒருநாள் மம்மல் பொழுதிலை நான் கிணத்தடியிலை நிண்டனான்." தெய்வானை தன் பாட்டில் கிணற்றடி, மம்மல் என்று உருட்டிக்கொண்டே போய் அடுத்த சொல்லில் தடக்கி நின்றாள். என்ன சொன்னான்? "வானம் இருண்டு கிடந்தது. அப்ப ஒரு இடி." இல்லை, இருக்காது, எல்லாருக்கும்தானே கிணறு இருக்கிறது, எல்லா வானத்திலும்தானே இடி. "பக்கத்து வளவுப் பனைமரம் பத்தி எரிஞ்சுது." அவள் சிவகாமியைப் பார்த்தாள். இரண்டு பேர் தள்ளி இருந்த சிவகாமி, பாயின் ஓலையை எண்ணுகிறவள் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டாள். எடி பாவி. எனக்குத் தந்ததையே புருஷனுக்கும் தந்தியா? ஒரு சேலையை இரண்டு பேருக்கு இரவல் குடுத்து ஒரே கலியாண வீட்டுக்கு அனுப்பின மாதிரியல்லோ இருக்குது. சிவகாமி உண்மையிலேயே பனங்கூடலில் விழுந்தவள், அதை நாலு பேருக்குச் சொல்லிச் சொல்லி இடியும் நெருப்பும் அவளே சேர்த்தது, அது அவளுடைய பொருள், யாருக்கும் கொடுக்கலாம், ஆனால் ஒரே நாளிலா? அதுவும் பார், நல்லாய்ச் சொல்கிறான் மனுஷன். முழங்கால் வந்தது. நிப்பாட்டினான். மூக்கை உறிஞ்சினான். உடனே தொடங்கவில்லை.

அவன் சமாதானத்தில் வந்து முடிக்க, பெல்டன் பாதிரியார் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். அவர் தமிழ் பேசினால் புத்தகத்தை விரித்துப் படிப்பது போல இருக்கும், ஒரு எழுத்து விடமாட்டார். "வயித்தியலிங்கமே, இந்தப் பனைமரம் இச்சபையில் பலமுறை எரிந்திருக்கிறது," என்றார். ஆண்கள் பக்கம் யாரோ இருமலோடு சிரிப்பை விழுங்கினார்கள். "தேவன் ஒவ்வொருவரையும் வெவ்வேறு வழியாய் நடத்துகிறார். தன் நிலைமையைக் குறித்து மிகுந்த நிச்சயமாய்ப் பேசுகிறவனைக் குறித்து நான் அஞ்சுகிறேன். நீர் இன்னும் சில காலம் காத்திருப்பது நல்லது." வயித்தியலிங்கம் தலையில் அடி வாங்கினவன் மாதிரி இருந்தான். தெய்வானைக்கு அவனில் இரக்கப்பட நேரமில்லை. போச்சு, கிணறு போச்சு, இனி அந்தக் கிணற்றடிக்கே போகேலாது. வேறு என்ன இருக்கிறது, கெதியாய், வேறு என்ன? கனவு? கனவு கண்டதாய்ச் சொன்னால் பாதிரியாருக்குப் பிடிக்காது. காய்ச்சல்? காய்ச்சலில் கிடக்கும்போது ஒரு சத்தம் கேட்டது, என்ன சத்தம், யாருடைய சத்தம், தமிழிலா இங்கிலீசிலா என்று கேட்பாரே. மூத்ததைச் சொல்லட்டுமா? பிள்ளை செத்த துக்கத்தில் கடவுள் என்னைத் தொட்டார் என்று சொன்னால் அழாத ஆள் இருக்காது, பெண்கள் பக்கம் முழுக்கச் சேலைத் தலைப்பை எடுக்கும். அந்தக் குழந்தையை விற்றா? சீ. மண்ணைக் கிண்டின நேரம் அவளை ஒருவரும் தொடவில்லை. வெறும் மத்தியான வெயில், மண்வெட்டிச் சத்தம், கதிரித்தம்பியின் முதுகில் வேர்வை. வெளியே மறுபடி இருமல், இரண்டு, மூன்று, பிறகு அழுகை. பசிக்குதாக்கும். பால் கட்டி நெஞ்சு நோகிறது. நெஞ்சில் எனக்கு நடப்பது இது ஒன்றுதான்.

"டெபோராளே, எழுந்து நில்லும்." எழும்பினாள். கால் விறைத்துப்போய் ஒரு பக்கம் சாய, பக்கத்தில் இருந்த பெண் முழங்கையைப் பிடித்துவிட்டாள். எத்தனை கண். தூணில் ஒரு பல்லி. "நீர் உம்முடைய பாவத்தை எப்போது உணர்ந்தீர்? ஆண்டவர் உம்மை எவ்விதமாய்ச் சந்தித்தார் என்று சபைக்குச் சொல்லும்." பல்லி அசையவில்லை. உபதேசியார் ஞானமுத்தர் மெல்ல, "சொல்லு தங்கச்சி, பயப்பிடாதை," என்றார். பயமா, பயம் வந்திருந்தால் அதையாவது சொல்லியிருக்கலாமே. ஒன்று சொல்லத்தான் வேண்டும், இருக்கிறதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வது, இருக்கிறது இதுதான். "ஐயா," என்றாள், "என்னை ஒருத்தரும் சந்திக்கேல்லை." பெண்கள் பக்கம் தலைகள் திரும்பின. "எல்லாரும் அழேக்கை நானும் இருந்து பாத்தனான். களஞ்சியத்துக்கை போய் இருந்து கூடப் பாத்தனான். வரேல்லை. பிறகும் கேட்டுக் கேட்டுப் பாத்தனான், இண்டைக்கு வரையும் வரேல்லை. படிச்சதெல்லாம் உண்மையெண்டு தெரியும் ஐயா, ஆனால் உள்ளுக்கை காய்ஞ்ச மரக்கட்டை மாதிரிக் கிடக்குது. என்ரை பிள்ளைக்குத் தண்ணி வேணும். அதுக்குத்தான் வந்தனான். வேறை எனக்குச் சொல்லத் தெரியாது." சொல்லி முடித்ததும் உடம்பெல்லாம் லேசாய்ப் போனது, மூட்டையை இறக்கி வைத்த கூலிக்காரன் தோள் மாதிரி. பிறகுதான் உறைத்தது, ஐயோ, பிள்ளையின் தண்ணீரை நானே கொட்டிப்போட்டேனே. பேசாமல் இருந்திருக்கலாமே, உடம்பு சரியில்லை என்று சொல்லி அடுத்த முறைக்குத் தள்ளியிருக்கலாமே. என்ன வேலை பார்த்தேன்.

பாதிரியார் மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். தெய்வானை அவரைப் பார்க்கப் பயந்து அவர் சப்பாத்தைப் பார்த்தாள், பிறகு நிமிர்ந்து பார்த்தால், மனுஷன் அழுதுகொண்டிருக்கிறார். கன்னத்தில் ஓடுகிறது, துடைக்கவுமில்லை. "சகோதரரே," என்றார், குரல் உடைந்து, "என் தாய் முப்பது வருஷம் இதே வார்த்தைகளைச் சொன்னாள். தன் இருதயம் கல்லென்று அழுதாள். ஊரார் அவளைப் பரிசுத்தவாட்டி என்றார்கள், அவள் மட்டும் நம்பவில்லை. தன் இருதயம் வறண்டது என்று அறிகிறவனுக்கு அந்த அறிவைக் கொடுத்தது யார்? மரக்கட்டைக்குத் தான் மரக்கட்டை என்று தெரியுமா? இது ஆவியானவருடைய வேலை. இலுப்பையடியில் நான் கேட்ட சாட்சிகளில் இதைப்போல உண்மையானது வேறில்லை." இல்லை, இல்லை ஐயா, நான் அதைச் சொல்லவில்லை. அவர் என்னவோ வேறு ஒருத்தியைப் பார்த்துக்கொண்டு பேசுகிறார். நான் அழவில்லையே, அந்த அம்மா அழுதாவாம், நான் பசியோடு இருந்தேன், கல்லென்று துக்கப்படவில்லை, பிள்ளைக்குத் தண்ணீர் வேண்டும் என்றுதானே சொன்னேன், அது காதில் விழவில்லையா. அவள் வாயைத் திறந்தாள். "சம்மதமானவர்கள் கையை உயர்த்துங்கள்." கைகள் எழும்பின, ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம், உபதேசியார், அந்த வயித்தியலிங்கத்தின் தகப்பன்கூட. இப்போது சொல்ல வேண்டும், இப்போது சொன்னால்தான் சரி, கை இறங்க முதல் சொல்ல வேண்டும். "ஞாயிற்றுக்கிழமை உம்முடைய குழந்தையைக் கொண்டு வாரும்," என்றார் பாதிரியார். திறந்த வாயால் தெய்வானை, "ஓம் ஐயா," என்றாள்.

பக்கத்துப் பெண்கள் கையைப் பிடித்து இருத்தினார்கள். பாய் சூடாயிருந்தது. அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள், அவர் ஏதோ சொல்லத் தொடங்கினார், அது இவள் காதுக்கு எட்டவில்லை. முதலில் அடிவயிற்றில் ஒரு சில்லிப்பு. பால்தான் கட்டிக்கொண்டு வருகிறது என்று நினைத்தாள். பால் இல்லை. அது மேலே ஏறி நெஞ்சுக்கூட்டைப் பிடித்தது, மூச்சு எடுக்க விடாமல் பிடித்தது, யாரோ தனக்குப் பின்னால் நின்று தன்னை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கிற மாதிரி, திரும்பினால் சுவர்தான். தெரியும், அவருக்குத் தெரியும், பாதிரியாருக்கில்லை, பின்னால் நிற்கிற இவருக்கு, ஆண்டவருக்கு. இரவல் வாங்கிக்கொண்டு வந்ததும் தெரியும், வாயைத் திறந்துவிட்டு மூடினதும் தெரியும். கண் நிறைந்து வழிந்தது, நிப்பாட்ட முடியவில்லை. இத்தனை வருஷம் நெல்மூட்டைக்குப் பின்னால் இருந்து கூப்பிட்டும் வராதது, இப்போது, கை எல்லாம் இறங்கின பிறகு, கேட்காமலே வந்து நிற்கிறது. எழும்ப வேண்டும். எழும்பி, ஐயா இப்ப வந்திட்டுது என்று சொல்ல வேண்டும். என்ன பாவத்தை உணர்ந்தாய் என்று கேட்பார். சொன்னால், நான் உங்களை ஏமாற விட்டேன் என்று சொன்னால், உயர்ந்த கை அத்தனையும் திரும்பக் கணக்கில் வராது, ஞாயிறு இல்லை, காத்திரு என்பார், பிள்ளை இருமிக்கொண்டு எத்தனை நாளைக்குக் காத்திருக்கும்? சொல்லாவிட்டால் இந்தப் பிடி விடாது. ஞாயிறும் விடாது, அதற்குப் பிறகும் விடாது, அப்பத்தை வாயில் வைக்கும்போதும் பின்னால் நிற்கும். நிற்கட்டும். நின்றுகொள்ளட்டும். பிள்ளை வேலிக்கு உள்ளே இருக்கும். அவள் தலைப்பை இழுத்து வாயில் திணித்துக்கொண்டு குனிந்தாள். சிவகாமி பாயில் அரக்கி அரக்கிக் கிட்ட வந்து, முகத்தை எட்டிப் பார்த்தாள்.

"என்னெடி இப்பிடி அழுறாய்? அதுதான் சேர்த்திட்டினமே."

"சந்தோசத்திலை," என்றாள் தெய்வானை.